மாஸும் கூப்பாங்கும்: மலாக்கா நீரிணையின் பொற்காசுகள்

மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் ஆண்ட மலாய் சுல்தான்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரை பொற்காசு அடித்தார்கள். சுமத்திராவின் வடமுனையில் சமுத்ரா பாசாயும் அதை விழுங்கிய ஆச்சேயும், தீபகற்பத்தில் ஜொகூர், பட்டாணி, கிளந்தான், திரெங்கானு, கெடா அரசுகளும் இவ்வாறு அடித்தவை. காசுகள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை அரை கிராமுக்குச் சற்று மேல். ஜொகூரின் பெரிய காசுகூட இரண்டரை கிராமைத் தாண்டி அதிகம் போகாது. ஒருபுறம் ஆள்பவரின் பெயர், மறுபுறம் சமயம் சார்ந்த ஒரு விருதுப்பெயர். இரண்டும் அரபு எழுத்தில். விலங்குருவம் பொறித்தது கிழக்குக் கரையின் ஒரே ஒரு வகை. அதுதான் இன்று மலேசிய மத்திய வங்கியின் சின்னமாக எல்லார் கண்ணிலும் படும் கிஜாங் மான்.

காசு அடிக்கும் உரிமை இந்த அரசுகளில் வெறும் நிதி நிர்வாகம் அல்ல. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் யார் பெயர் சொல்லப்படுகிறது, நாணயத்தில் யார் பெயர் பொறிக்கப்படுகிறது என்ற இரண்டுமே இஸ்லாமிய உலகில் ஒருவரை ஆட்சியாளராக அறிவித்தன. ஆள்வதும் சமயத் தலைமையும் ஒரே கையில் இருந்ததால், காசின் இரு முகங்களும் அந்த இரண்டு அதிகாரங்களையும் பங்கிட்டுக் கொண்டன. ஐரோப்பாவில் இதற்கு நெருங்கிய நிலை ரைன் ஆற்றங்கரையின் கொலோன், மைன்ஸ், டிரியர் பேராயர்களுடையது. அவர்கள் திருச்சபையின் தலைவர்கள். தங்கள் நிலப்பகுதிக்கு அரசர்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் மூவர். 1356இல் நான்காம் கார்ல் பிறப்பித்த பொன்முத்திரை ஆணை அந்த எழுவருக்கும் பொன், வெள்ளி நாணயம் அடிக்கும் உரிமையை உறுதிசெய்தது. பாசாய் சுல்தான்கள் அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, யாரிடமும் ஆணை வாங்காமல், பொன்னில் பெயர் பொறித்துவிட்டார்கள்.

பாசாயின் முதல் முஸ்லிம் மன்னர் மாலிக் அல்-சாலிஹ் 1297இல் இறந்தார் என்பதை அவருடைய கல்லறைக் கல் சொல்கிறது. பெயர் தெரிந்த முதல் பொற்காசு அவருடைய மகன் சுல்தான் முகம்மதுவுடையது. 1297 முதல் 1326 வரை ஆண்ட அவர் மாலிக் அல்-ஸாஹிர் என்ற பட்டப்பெயரையும் காசில் இட்டார். பின்பக்கத்தில் இருப்பது ‘அஸ்-சுல்தான் அல்-ஆதில்’, அதாவது நீதி தவறாத சுல்தான். இந்த இரண்டு சொற்களையும் பின்வந்த பாசாய் மன்னர்கள் மாற்றவே இல்லை. ஆள் மாறினால் முன்பக்கத்துப் பெயர் மட்டும் மாறியது. 1524இல் ஆச்சேயின் அலி முகாயத் ஷா பாசாயைப் பிடித்தபோது காசின் அளவும் எழுத்து அமைப்பும் அப்படியே ஆச்சேக்குக் குடிபெயர்ந்தன. வென்றவர் தோற்றவரின் காசை வைத்துக்கொண்டார் என்பது, அந்தக் காசுக்கு நீரிணையில் ஏற்கெனவே ஒரு மதிப்பு இருந்தது என்பதற்குச் சான்று.

ஒரு பாசாய் காசைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் தோன்றுவது அதன் மெலிவு. குறுக்களவு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. எடை 0.6 கிராமை ஒட்டியது. விரலால் அழுத்தினால் வளையும். பொறிப்பு அச்சு பல நேரங்களில் தகட்டைவிடப் பெரியது. அதனால் எழுத்தின் ஒரு பகுதி ஓரத்துக்கு வெளியே போய்விடும். ஒரே மன்னரின் நாலைந்து காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுப் பெயரையும் வாசித்து முடிக்க முடிகிறது. நிறம் வெளிர் மஞ்சள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கவனித்து எழுதினார்: இந்நாட்டார் பொற்காசைத் தினார் என்கிறார்கள், பத்துக்கு ஏழு பங்கு தரமுள்ள வெளிர்ப்பொன்னில் செய்கிறார்கள், ஆனால் அன்றாடம் வாங்கவும் விற்கவும் ஈயக்காசைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏழு பங்கு என்றால் இன்றைய கணக்கில் 17 காரட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு காசில் இருக்கும் தூய தங்கம் 0.42 கிராம். நம் நகைக்கடைக் கணக்கில், ஒரு பவுன் 22 காரட் தங்கத்துக்கு இந்தக் காசுகள் ஏறத்தாழ 17 வேண்டும்.

மா ஹுவானுக்கு முன், 1345ஐ ஒட்டிப் பாசாய்க்கு வந்த இப்னு பதூதாவும் இதே போன்ற ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மக்கள் ஈயத் துண்டுகளையும் உருக்கித் தூய்மை செய்யாத சீனப் பொன்னையும் கொடுத்து வாங்கினார்கள் என்பது அவர் குறிப்பு. அவர் சுல்தானின் விருந்தாளி. சுல்தானின் காசைப் பார்த்திருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. இருந்தும் சந்தையைப் பற்றி எழுதும்போது காசு அவர் கண்ணுக்குப் பெரிதாகப் படவில்லை. இதை ஒரு தற்செயல் என்று ஒதுக்குவதற்கில்லை. நீரிணையின் பொருளாதாரத்தில் காசு வேறு, பொன் வேறு. பொன் எடைபோட்டுக் கைமாறியது. பொற்காசு அந்த எடையின் ஒரு சிறு பகுதிக்கு மன்னர் போட்ட கையெழுத்து.

பொன்னை எடையாகக் கொடுத்து வாங்கும் இந்த வழக்கத்தில் தமிழருக்குப் பழைய பங்கு உண்டு. ராஜேந்திர சோழனின் ஆட்சித் தொடக்கத்தில், கடாரத்து அரசனின் முகவர்கள் நாகப்பட்டினத்துக் காரோணத்துச் சிவன் கோயிலுக்குப் பொன் கொடுத்ததைக் கோயில் கல்வெட்டுகள் ‘சீனக்கனகம்’ என்று குறிக்கின்றன. இப்னு பதூதா மூன்று நூற்றாண்டுக்குப் பின் பாசாயில் பார்த்ததும் சீனப் பொன்னே. கடாரம் இன்றைய கெடா. 1025இல் ராஜேந்திரனின் கடற்படை அதைத் தாக்கியது. படையெடுப்புக்கு முன்னும் பின்னும் வணிகம் நின்றுபோகவில்லை என்பதற்கு, சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு நல்ல சான்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டிவைத்தது அது. மரக்கல நாயனும் கேவிகளும், அதாவது கப்பல் தலைவனும் அவனுடன் வந்தோரும், கஸ்தூரி விலையை ஒட்டிக் கணக்கிட்ட ஒரு தொகையைப் பொன்னாகச் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. மணப்பொருளின் விலையை வைத்துத் தீர்வை, தீர்வை கட்டுவது பொன்னில். காசின் பெயர் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. தராசு இருந்தால் போதும்.

அந்தத் தராசின் படிக்கல் விதைதான். தமிழ்நாட்டில் ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடி இரண்டு குன்றி. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்ற கல்லாலும், அணிகலன்களைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்ற கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. எடைக்கல்லுக்குக் கடவுள் பெயர் இட்டால் யாரும் குறைத்து நிறுக்கத் துணிய மாட்டார்கள் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். மலாய், ஜாவா நாடுகளில் அதே குன்றிமணியின் பெயர் சாகா. 24 சாகா ஒரு மாஸ், நான்கு கூப்பாங் ஒரு மாஸ், 16 மாஸ் ஒரு தாஹில். 9ஆம் நூற்றாண்டை ஒட்டி ஜாவாவில் புழங்கிய சிறு பொற்கட்டிகளில் 2.4 கிராம் மாஸும் 0.6 கிராம் கூப்பாங்கும் அதைவிடச் சிறியனவும் உண்டு. பூ வடிவ முத்திரை குத்திய பழைய காசுகளும் இந்த எடைக்குள் அடங்கும்.

இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு சுல்தான்களின் காசுகளைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பாசாயும் ஆச்சேயும் ‘மாஸ்’ என்று அழைத்த காசின் எடை 0.6 கிராம், அதாவது பழைய கூப்பாங்கின் எடை. ஜொகூரோ தன் பெரிய காசை மாஸ் என்றும், அதில் நாலில் ஒரு பங்கைக் கூப்பாங் என்றும் அழைத்தது; அவற்றின் எடை முறையே இரண்டரை கிராமும் 0.6 கிராமும். பெயர் இடம் மாறியது, எடை மாறவில்லை. ஜாவாவின் இந்து-பௌத்த அரசர்கள் காலத்தில் இருந்த ஓர் அளவு, சமயம் மாறி, அரசுகள் எழுந்து விழுந்து, 17ஆம் நூற்றாண்டு ஜொகூர் வரை நீடித்திருக்கிறது. எட்டு நூற்றாண்டுகளில் இதைக் காக்க எந்த உடன்படிக்கையும் எழுதப்படவில்லை.

ரைன் கரையில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. அங்கே உடன்படிக்கை இருந்தது. 1252 முதல் புளோரன்ஸ் நகரம் அடித்த புளோரின், ஒருபுறம் அல்லி மலரும் மறுபுறம் திருமுழுக்கு யோவானும் கொண்ட 3.5 கிராம் பொற்காசு, ஐரோப்பா முழுதும் நம்பிக்கை பெற்றிருந்தது. பேராயர்கள் முதலில் அதை அப்படியே பார்த்து அடித்தார்கள். பிறகு தங்கள் கேடயச் சின்னங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1386இல் கொலோனின் ஃபிரீட்ரிஷ் வான் சார்வெர்டன், டிரியரின் கூனோ வான் ஃபால்கென்ஸ்டைன், மைன்ஸின் அடால்ஃப் வான் நாசாவ் ஆகிய மூன்று பேராயர்களும் பாலட்டினேட் கோமகனான முதலாம் ரூப்ரெஷ்டும் சேர்ந்து ஒரு நாணய ஒன்றியம் கண்டார்கள். ரைன் குல்டன் என்ற பொற்காசு நால்வர் நாட்டிலும் ஒரே எடை, ஒரே மாற்றில் அடிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் மாற்று 23 காரட். 1425இல் அது 19 காரட். காசுக்கு 3.4 கிராம் இருந்த தூய தங்கம் நாற்பது ஆண்டுக்குள் 2.8 கிராமுக்கும் கீழே போயிற்று. நால்வரும் கூடிப் பேசி, ஒப்புக்கொண்டு, ஒன்றாகவே குறைத்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

நீரிணையின் பொற்காசும் மாற்றில் குறைபாடு இல்லாதது அல்ல. பாசாய் தொடக்கத்திலிருந்தே ஏழு பங்குப் பொன்னில்தான் அடித்தது. ஆனால் அதனால் யாரும் ஏமாறவில்லை. பொன் வாங்கும் வணிகர் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்த்தார், தராசில் நிறுத்தார், அதன்பின் விலை சொன்னார். மன்னரின் பெயர் அந்த விலையில் ஒரு சாகாவைக்கூடக் கூட்டவில்லை. ரைன் பேராயர்களின் காசோ எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் காசு. சம்பளம், சுங்கம், கடன் எல்லாம் குல்டன் எண்ணிக்கையில் எழுதப்பட்டன. எண்ணிக்கையில் புழங்கும் காசில் மாற்றைக் குறைத்தால் அடிப்பவருக்கு லாபம். நிறுத்துப் புழங்கும் காசில் குறைத்தால் விலையும் அவ்வளவு குறையும். நீரிணையின் எடை நிலைத்ததற்கு மன்னர்களின் நேர்மை காரணம் இல்லை. சந்தையின் தராசே காரணம்.

இந்த முடிவுக்கு மலாக்காவைவிட வலுவான சான்று கிடையாது. 15ஆம் நூற்றாண்டில் நீரிணையின் பெருவணிகம் முழுதும் அங்கே குவிந்தது. குஜராத்தியர், சோழமண்டலக் கரைத் தமிழர், வங்காளத்தார், பெகுவார், ஜாவானியர், சீனர், ரியுக்யுவார் எனப் பல நாட்டுக் கப்பல்கள் நின்ற அந்தத் துறைமுகத்தில் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். கத்தி, தாஹில், காந்தாங், சூப்பாக் ஆகிய எடைகளும் அளவைகளும் ஷாபந்தரின் பொறுப்பு என்று மலாக்காச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அளவைக்கு இவ்வளவு அக்கறை காட்டிய அந்த அரசு பொற்காசு அடித்ததற்கு உறுதியான சான்று ஒன்றும் இல்லை. கிடைப்பவை ஈயக்காசுகள். 1445 முதல் 1459 வரை ஆண்ட முசாபர் ஷாவின் பெயர் தாங்கியவை அவற்றில் முக்கியமானவை. பின்பக்கத்தில் ‘நாசிர் அத்-துன்யா வத்-தீன்’, இம்மைக்கும் சமயத்துக்கும் துணைவர் என்று இருக்கிறது. சமய விருது ஈயத்திலும் விடுபடவில்லை. பாசாய்க்கும் மலாக்காவுக்கும் இடையே கப்பல் ஓயாமல் ஓடியது. பாசாயின் பொற்காசு மலாக்காவுக்குத் தெரியாததல்ல. தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மலாக்காவுக்கு ஈயம் அனுப்பிய இடங்களில் கிள்ளானும் சிலாங்கூரும் உண்டு. மலாக்கா மன்னருக்கு ஈயமாகவே திறை கட்டிய ஆற்றுமுகங்களின் பட்டியலில் தோமே பிரெஷ் இந்தப் பெயர்களைச் சொல்கிறார். போர்த்துக்கீசிய மருந்தாளரான அவர் 1512இலிருந்து 1515 வரை மலாக்காவில் கணக்கு வேலை பார்த்தவர். பொன் வந்தது வேறு வழியில்: சுமத்திராவின் மினாங்கபாவ் மலைநாட்டிலிருந்து கம்பார், இந்திரகிரி ஆறுகள் வழியாகவும், பகாங்கிலிருந்து தரை வழியாகவும், கடல் வழியாகவும். தூளாகவும் கட்டியாகவும் வந்த அந்தப் பொன்னைச் சோழமண்டலத் துணிக்கு மாற்றாக வாங்கிச் சென்றவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் தமிழ் வணிகர்கள். பிரெஷ் அவர்களைக் குவெலிம் என்கிறார். மலாய் நூல்களின் கெலிங்தான் அது, இன்று நம் காதுக்கு வசவாக ஒலித்தாலும் அன்று மதிப்புக்குரிய பெயர். பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் போன மலாய்ப் பொன் அங்கே வராகனாகவும் பணமாகவும் உருமாறியது. காசாக வேண்டியது மலாக்காவில் அல்ல, துணி நெய்யும் கரையில்.

1511 ஆகஸ்டில் மலாக்காவைப் பிடித்த அல்ஃபோன்சோ த அல்புகெர்க் இந்த ஏற்பாட்டைப் புரட்டப் பார்த்தார். அவருடைய மகன் 1557இல் அச்சிட்ட வரலாற்றுத் தொகுப்பு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்கிறது. போருக்குப் பின் காசுத் தட்டுப்பாடு. நைனா சாட்டு என்ற தமிழ் வணிகரும் ஊர்ப் பெரியவர்களும் வந்து முறையிட்டார்கள். நகரில் பொன்னும் வெள்ளியும் சரக்காக மட்டுமே கைமாறின, காசாக அல்ல என்பதை அந்தத் தொகுப்பே ஒப்புக்கொள்கிறது. அல்புகெர்க் அக்கசாலை ஒன்றைத் திறந்தார். பழைய சுல்தானின் ஈயக்காசைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், மறைத்து வைத்தால் தண்டனை என்று பறையறைந்தார். புதிய ஈயக்காசுக்கு மூன்று மதிப்பு: காஷ்ஷா, சோல்டோ, பஸ்தார்டோ, ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில். வெள்ளியில் மலாக்கேஸ். பொன்னில் கத்தோலிக்கோ, 1,000 ரெய்ஸ் மதிப்பு. பெயரிலேயே சமயம். முசாபர் ஷாவின் ஈயக்காசில் இருந்த அதே உரிமைக் குரல், இப்போது வேறு சமயத்தின் பெயரில்.

புதுக்காசு வெளியீடு ஊர்வலமாக நடந்தது. பட்டுத் துணியால் அலங்கரித்த யானை, அதன் மேல் அம்பாரி, முன்னால் போர்த்துக்கல் மன்னரின் கொடி. அம்பாரியில் இருந்து காசுகளைக் கூட்டத்தில் வீசியவர்களில் ஒருவர் நைனா சாட்டுவின் மகன். காசு யாருடையது என்பதைவிட அதை யார் கையால் வாங்குகிறோம் என்பது மலாக்காச் சந்தைக்கு முக்கியம் என்று அல்புகெர்க் அறிந்திருந்தார். அந்தக் கை தமிழ் வணிகரின் கையாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார். 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவிய நைனா சாட்டு, இந்து வணிகர்களின் பெண்டகாராவாக, அதாவது தலைமை நிர்வாகியாக, நியமிக்கப்பட்டிருந்தார். பதவி பறிக்கப்பட்டு வேறொருவருக்குப் போன 1514இல் இறந்தார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலாக்கா ஆற்றுமுகச் சேற்றில் கிடைத்த போர்த்துக்கீசியக் காசுகள் ஈயக்காசுகள்தான். வென்றவரின் பொன்னும் சந்தையை மாற்றவில்லை.

மலாக்காவை இழந்த அரச மரபு தெற்கே ஜொகூருக்குப் போனது. அங்கேதான் தீபகற்பத்தின் பொற்காசு உண்மையில் தொடங்குகிறது. மலாக்காவின் கடைசி சுல்தானின் மகனான இரண்டாம் அலாவுதீன் ரியாயத் ஷா, 1564 வரை ஆண்டவர், தன் பெயரில் பொற்காசு அடித்தார். கையில் பெரிய துறைமுகம் இருந்தபோது ஈயத்தோடு நின்ற குடும்பம், துறைமுகம் போனபின் பொன்னுக்கு வந்தது. முரண்பாடு போலத் தோன்றினாலும் காரணம் புரியாததல்ல. போர்த்துக்கீசியரும் ஆச்சேயும் இருபுறமும் நெருக்கிய காலத்தில், மலாக்காவின் வாரிசு தாங்களே என்பதை ஜொகூர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லப் பொன்னைவிட நல்ல இடம் இல்லை. காசின் பின்பக்கத்தில் அவர்கள் எழுதியது ‘கலீஃபா’ என்ற சொல் அடங்கிய விருது: முஸ்லிம்களின் தலைவர், விசுவாசிகளின் தலைவர். பாசாயின் ‘நீதி தவறாத’ என்பதைவிட இது பல படி உயர்ந்த உரிமைக் குரல். அரசின் நிலை தாழ்ந்திருந்தபோது விருது உயர்ந்தது.

ஜொகூர் காசின் அடையாளம் அதன் எண்கோண வடிவம். 1623 முதல் 1677 வரை ஆண்ட மூன்றாம் அப்துல் ஜலீல் ஷாவின் மாஸும் கூப்பாங்கும் இந்த வடிவத்தில் உள்ளன. ஓரத்தை ஒட்டிக் கோட்டு வரம்பு, உள்ளே வரி வரியாகப் பெயர். பாசாய் காசைவிட நேர்த்தியான வேலை. எழுத்து ஓரத்தில் வெட்டுப்படுவது குறைவு. 1699இல் சுல்தான் மஹ்மூத் கொலையுண்டு பழைய அரச வழி அற்றுப்போனபின், பெண்டகாரா வழியில் வந்த புதிய சுல்தான்களும் காசு அடிப்பதைத் தொடர்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் தனி சுல்தான் ஆட்சி கண்ட திரெங்கானுவும் சிறு பொற்காசுகளை வெளியிட்டது.

ஆச்சேயின் வரிசையில் தனித்து நிற்பவை அரசிகளின் காசுகள். 1641இலிருந்து 1699 வரை நான்கு பெண்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். முதல் அரசி சஃபியத்துத்தீன், 1641 முதல் 1675 வரை ஆட்சியில் இருந்தவர், தன் பெயரைப் பொன்னில் பொறித்தார். காசில் பெயர் இருந்தால் குத்பாவிலும் பெயர் உண்டு என்பது பொருள். பெண் ஆளலாமா என்ற கேள்விக்கு அறிஞர்கள் வாதிட்டுக் கொண்டிருந்தபோது அக்கசாலை தன் விடையைச் சொல்லிவிட்டது. இந்தக் காசுகளை முறையாக வகைப்படுத்தும் வேலையை டச்சுக்காரரான ஹுல்ஷோஃப் போல் 1929இல் தொடங்கினார். பின்னர் ஆச்சே வரலாற்றாசிரியர் இப்ராஹிம் அல்ஃபியான் அதை விரித்தார். மலாயாக் காசுகளுக்கு அதே பணியைச் செய்தது சரண் சிங் தொகுத்த 1986ஆம் ஆண்டுக் கலைக்களஞ்சியம்.

கிழக்குக் கரையின் கிளந்தான், பட்டாணிக் காசுகள் மற்றவற்றிலிருந்து விலகியவை. அவற்றில் மன்னரின் பெயர் இல்லை. ‘மாலிக் அல்-ஆதில்’, நீதியுள்ள அரசர் என்ற விருது மட்டும் உண்டு. எந்த அரசர் என்று சொல்லாததால் அவற்றைக் காலவரிசையில் நிறுத்துவது கடினம். மறுபக்கம் சிலவற்றில் கதிர் வீசும் சூரியன், சிலவற்றில் நாலுகால் விலங்கு. விலங்கைக் கிளந்தான் மக்கள் கிஜாங் மான் என்றே சொல்லிவருகிறார்கள். சே சித்தி வான் கெம்பாங் என்ற அரசி வளர்த்த மான் அது என்பது கதை. நாணய ஆய்வாளர் சிலர் உடலின் அமைப்பையும் திமிலையும் பார்த்து, தென்னிந்தியக் காசுகளின் நந்தியே இங்கு வந்து மானாயிற்று என்கிறார்கள். காசைப் பார்த்தால் இரண்டாவது கருத்துக்கே எடை அதிகம்: முதுகில் புடைப்பு தெளிவாக இருக்கிறது, மானுக்குத் திமில் ஏது? நந்தியைப் பொறித்த காசுகள் தமிழ்க் கரையிலிருந்து கப்பலேறி வந்ததில் வியப்பு இல்லை. ஒருபுறம் நந்தியின் சாயல், மறுபுறம் அரபு விருது. இதை அடித்தவருக்கும் வாங்கியவருக்கும் அது உறுத்தவில்லை.

அதே கரையில் அன்றாடப் புழக்கத்துக்கு இருந்தது ஈயப் பித்திஸ். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றினால் நடுவே ஒரு தண்டும் இருபுறமும் கிளைகளும், கிளை நுனியில் காசுகளுமாக வெளிவரும். ஒவ்வொன்றாக ஒடித்துப் பயன்படுத்துவார்கள். ஒடிக்காமல் விட்ட சில பித்திஸ் மரங்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. மீன் வாங்கவும் வெற்றிலை வாங்கவும் போதுமான காசு இது. பொற்காசு நன்கொடைக்கும், அபராதத்துக்கும், அரசவைப் பரிசுக்கும், சேமிப்புக்கும் உரியதாக இருந்தது. சேமிப்பு நகையாக மாறும்போது காசு உருகிவிடும். எஞ்சியவை குறைவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

18ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய வெள்ளி டாலர் நீரிணையை நிரப்பியது. எண்ணிக் கொடுக்கத்தக்க, எல்லாத் துறைமுகமும் ஏற்கும் காசு கிடைத்ததும் சுல்தான்களின் சிறு பொற்காசு சடங்குப் பொருளாகச் சுருங்கி, பிறகு நின்றது. ஆங்கில ஆட்சி வந்தபின் நாணய உரிமை சுல்தான்களிடம் திரும்பவில்லை. சமயத் தலைமை மாநிலத்தில் சுல்தானிடம் நிலைத்தது; காசு மத்திய அரசுக்குப் போனது. குத்பாவும் நாணயமும் சேர்ந்திருந்த இரட்டை உரிமை இரண்டாகப் பிரிந்த கதை இது. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை நாணயத்தைக் கூட்டரசுப் பட்டியலில் வைக்கிறது. 2006இலும் 2010இலும் கிளந்தான் மாநில அரசு தங்கத் தினாரை வெளியிட்டபோது மாநிலத்துக்கும் கூட்டரசுக்கும் இடையிலான கோடு எங்கே இருக்கிறது என்பது வெளிப்பட்டது. 4.25 கிராம், 22 காரட் தினார் சட்டப்படி செல்லும் பணம் அல்ல என்று கூட்டரசு அறிவித்தது. கிளந்தான் முன்பு அடித்த காசு அரை கிராமைச் சற்றே தாண்டியது. புதிய தினாரின் எடை அரபு மரபிலிருந்து வந்தது. வரலாற்றை மீட்பதாகச் சொன்ன வெளியீட்டில் சொந்த ஊரின் எடைக்கு இடமில்லாமல் போனது ஒரு குறைதான்.

1959 ஜனவரியில் தொடங்கிய மலேசிய மத்திய வங்கி, கிளந்தான் பொற்காசின் விலங்கைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. 2001 ஜூலையில் அது வெளியிட்ட தங்க முதலீட்டுக் காசின் பெயர் கிஜாங் எமாஸ். 999.9 தூய்மை, ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என்று மூன்று எடை, முறையே 200, 100, 50 ரிங்கிட் முகமதிப்பு. விற்பதும் வாங்குவதும் அன்றைய உலகத் தங்க விலைக்கு. முகமதிப்பைப் பார்த்து யாரும் கொடுப்பதில்லை. ஷா ஆலமில் இருக்கிறது நாட்டின் நாணயச்சாலை. பழைய மாஸ், கூப்பாங், பித்திஸ் வகைகளைப் பார்க்க விரும்புவோர் கோலாலம்பூரில் சாசானா கிஜாங்கில் உள்ள மத்திய வங்கி அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

மண்ணிலோ ஆற்றிலோ பழங்காசு கிடைத்தால் அதைப் பொற்கொல்லரிடம் உருக்கக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, அத்தகைய பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். அரை கிராம் தங்கத்துக்குக் கடைக்காரர் தரும் பணம் சொற்பம். உருக்கிய காசில் இருந்த சுல்தானின் பெயர் திரும்பக் கிடைக்காது. கையில் கிடைத்தவர்கள் முதலில் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.